நீள ஜெபமும் ரப்பர்க் குழாயும்

மயிலாடி,
1934 ஆகஸ்டு.

கர்த்தருக்குள் பிரியமான, கொழும்பில் கடைவைத்திருக்கும் மச்சான் யேசுரத்தினம் அவர்களுக்கு, ஏசுஅடிமை எழுதிக்கொள்வது. இங்கே என் மூத்திரப்பை நீங்கலாகச் சகலரும் சுகம். உங்கள் சுகத்துக்காகத் தினமும் ஜெபிக்கிறேன். ஆனால் இப்போது சுருக்கமாக.

கோயிலில் நான் ஜெபிக்க எழுந்தாலே, வீட்டில் உலைவைத்துவிட்டு வந்தவர்கள் பெருமூச்சு விடுவது உங்களுக்குத் தெரியும். இந்த வியாதி வந்தபின் மகாராஜாவுக்கும் மழைக்கும் மட்டும் வேண்டிக்கொண்டு, ஆமென் போட்டுவிட்டு, மூத்திரம் முட்ட வெளியே பனைமரத்து மூட்டுக்கு ஓடினேன், அங்கே போய் நின்றாலோ சொட்டுச் சொட்டுத்தான், உள்ளே சபை கண்ணீர் விட்டதாம், போதகர் ஐயா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்ம ஜெபத்துக்கு இப்பம்தான் வல்லமை வந்திருக்கு வே" என்கிறார்.

பிறகு ஒருநாள் சொட்டும் நின்றுபோய், உயிர் போகிற வலியோடு வண்டிகட்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெள்ளைக்கார டாக்டர் ரப்பர்க் குழாய் ஒன்றைச் செலுத்தினார். பேச்சிப்பாறை அணை திறந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். மச்சான், அதெல்லாம் ஒன்றுமேயில்லை. ஸ்தோத்திரம் சொல்லி அழுதுவிட்டேன். அப்புறம் சொல்லக்கூடாத இடத்தில் விரலை விட்டுப் பார்த்து, மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் சதைக்கோளம் கல்லாய் இறுகியிருக்கிறது, புற்று என்றார். அறுத்தால் ஆயுசு கூடலாம், கூடாமலும் போகலாம், பிழைத்தாலும் காலமெல்லாம் மூத்திரம் ஒழுகலாம், அறுக்காவிட்டால் குழாயோடு இருக்கிறமட்டும் இருக்கலாம் என்றவர், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "உமக்கு எது வேண்டும்?" என்று என்னையே கேட்டார். உங்கள் தங்கையை எனக்குக் கட்டிவைத்தபோதுகூட ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி!

தீர்மானித்துவிட்டேன். அறுக்கமாட்டேன். நனைந்த வேட்டியோடு சபையில் நிற்பதைவிட, உலர்ந்த வேட்டியோடு பரலோகம் போவது மேல். அறுத்தே தீரவேண்டுமென்று நீங்கள் எழுதப்போவதற்கு இதுவே பதில். கப்பலேறி வந்து வழக்காட வேண்டாம்.

தேவகிருபை உங்கள்மேலும் பிள்ளைகள்மேலும் தங்குவதாக.

இப்படிக்கு,
ஏசுஅடிமை

பி.கு.: மேலே உள்ளதை உங்கள் தங்கை செல்லபாய்க்கு வாசித்துக் காட்டினேன். குடும்ப ஜெபத்தில் என்னை முந்திக்கொண்டு முழங்கால் போட்டாள். கல்யாணமான நாள்முதல் என் ஜெபத்துக்கு ஆமென் மட்டுமே சொன்னவள், வாய்விட்டு ஜெபித்தாள். "ஆண்டவரே, இவரு இன்னும் கொஞ்சநாளு கூட இருக்கட்டு. வேட்டி நனைஞ்சா நான் அலக்குதேன். ஆமென்."

அவ்வளவுதான். இத்தனை வருஷம் மூச்சுவிடாமல் ஜெபித்த நான், முதல்முறையாக அவள் ஜெபத்துக்கு ஆமென் சொன்னேன். மச்சான், வண்டிக்குச் சொல்லியாயிற்று, அறுக்கப்போகிறேன். நீங்கள் கட்டாயம் கப்பலேறி வாருங்கள். வரும்போது கடையிலிருந்து நாலைந்து வேட்டி கூடுதலாய்க் கொண்டுவாருங்கள்.