தூக்குக்குண்டு சொன்ன ஊசி

டயர் கடைக்கு மேலே இருக்கிற கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நிற்க இடம் கிடையாது. படிக்கட்டெல்லாம் செருப்பு. ஆளுக்கொரு பை, பைக்குள் ஐஸ்கட்டி, அதன் நடுவே ஓர் ஊசிப் பேனா. தினம் போடுவது, வாரம் ஒருமுறை போடுவது, சர்க்கரை குறையப் போடுவது, உடம்பு இளைக்கப் போடுவது, இரண்டுக்கும் ஆவது என்று எல்லா வகையும் வந்திருக்கும். எது உசத்தி என்று படியில் உட்கார்ந்தே ஒப்பிட்டுத் தீர்ப்பார்கள். எல்லாம் மருத்துவர் ரத்தம் பார்த்து, கண் பார்த்து, சிறுநீரகம் பார்த்து எழுதிக் கொடுத்ததுதான். ஆனால் மருத்துவர் படித்தவர். படித்தவரை எப்படி நம்புவது?

அதனால் ஊசல் ஐயாவிடம் வந்திருக்கிறார்கள்.

ஐயாவின் கையில் ஒரு நூல். நூலின் முனையில் பித்தளைக் குண்டு. சுவர் நேராக இருக்கிறதா என்று கொத்தனார் பார்ப்பாரே, அதே தூக்குக்குண்டு. கொத்தனார் கையில் அது அசையாமல் நின்றால்தான் வேலை நடக்கும். ஐயா கையில் அசைந்தால்தான் பிழைப்பு நடக்கும்.

பேனாவுக்கு மேலே குண்டைத் தொங்கவிடுவார். வலப்பக்கம் சுற்றினால் அமிர்தம், இடப்பக்கம் சுற்றினால் நஞ்சு. நஞ்சு என்றால் பேனாவை அவரிடமே விட்டுவிட வேண்டும். "அதோட விஷத்தை நான் இறக்கிக்கிறேன்" என்பார். எவ்வளவு பெரிய மனசு! பேனா திரைக்குப் பின்னால் இருக்கிற குளிர்பெட்டிக்குப் போகும். நோயாளிக்கு, குண்டு சுற்றிய தண்ணீர் ஒரு பாட்டில். இளைக்க வேண்டும் என்று வருபவர்களுக்கு மட்டும் அதே திரைக்குப் பின்னாலிருந்து அமிர்த ஊசி வரும், விலைக்கு. ஒரு பக்கம் நஞ்சு உள்ளே போகிறது, மறுபக்கம் அமிர்தம் வெளியே வருகிறது. அத்தனை பேரில் ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

தையற்காரம்மா மூன்று வாரமாகத் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளைப் பார்க்க வந்த தங்கையின் கண்ணில் அக்காவின் கால்விரல் புண் பட்டது.

"என்னக்கா இது?"

"கத்தரிக்கோல் விழுந்துச்சுடி. சின்னக் காயம்தான்."

"எப்போ?"

"பதினெட்டு நாள் ஆச்சு."

தங்கை மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அக்காவின் விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முந்நூற்று எண்பது. ஓடிப்போய் வீட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாள். கதவுத் தட்டில் அக்கா கணவரின் பேனா மட்டும் இருந்தது. மாறிப்போகக் கூடாதென்று நகப்பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்த அக்காவின் பேனா இல்லை.

"ஐயா அது நஞ்சுன்னுட்டாரு. வாங்கி வெச்சுக்கிட்டாரு. தண்ணி குடிக்கிறேன்ல?"

"அதான் தெரியுதே. ராத்திரி எத்தனை தடவை எந்திரிக்கிறே?"

அக்கா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

தங்கை அவளை அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். நிறுத்திய ஊசியை உடனே போடாவிட்டால் கால்விரலை எடுக்க வேண்டிவரும் என்றார்கள். புதுப் பேனா இரண்டு வாங்கியாயிற்று. அக்கா அசையவில்லை.

"நாளைக்கு ஐயாவைக் கேட்டுட்டுப் போட்டுக்கறேன்."

தங்கைக்கு அழுகை முட்டியது. அழுதால் விரல் தங்காது என்று அவளுக்குத் தெரியும். தன் கணவரின் கறுப்புக் காலுறை ஒரு ஜோடியை எடுத்தாள். துவைத்ததுதான்.

மறுநாள் அக்காவோடு கூடத்துக்குப் போனாள். ஐயாவின் மேசைமேல் இரண்டு காலுறைகள், இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு பேனா.

"எங்கக்காவுக்கு இதுல எது சேரும்னு சொல்லுங்க ஐயா."

"உறையை எடும்மா."

"ஏன், குண்டுக்குக் கண்ணு தெரியாதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார். இனி ஐயா பின்வாங்க முடியாது. முதல் காலுறைமேல் குண்டு வலப்பக்கமாக விசிறி போலச் சுற்றியது. இரண்டாவதன்மேல் இடப்பக்கமாக.

"முதலாவது அமிர்தம். ரெண்டாவது கிட்னியைத் தின்னுடும்."

"தப்பா இருக்காதே?"

"குண்டு பொய் சொல்லாது."

முன்வரிசையில், இளைப்பதற்காக வந்திருந்த பேக்கரிக்காரரைத் தங்கை கூப்பிட்டாள். "நீங்களே எடுத்துப் படிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரெண்டும் ஒரே பேரு. ஒரே அளவு. தயாரிச்ச தேதிகூட ஒண்ணுதான்."

"தேதி ஒண்ணா இருக்கலாம்," என்றார் ஐயா. "செஞ்ச நேரம் வேற."

பாதிக் கூட்டம் தலையாட்டியது. பேக்கரிக்காரர் மட்டும் ஆட்டவில்லை. தன் பையைத் துழாவினார். "இருங்க. போன வாரம் இங்க அமிர்தம்னு வாங்கினேனே, அதுலயும் இதே பேருதான்."

அந்தப் பேனாவின் மூடியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"அது என்னுது!" என்றாள் தையற்காரம்மா. "நான் வெச்ச பொட்டு! எனக்கு நஞ்சு, இவருக்கு அமிர்தமா?"

"விஷத்தை இறக்கிட்டேன்மா."

"இறக்கலை, வித்துட்டீங்க," என்றாள் தங்கை. "எங்கக்கா ரெண்டு வாரம் போட்ட பேனா அது. ஊசிமுனையை மாத்தினாலும் ஒருத்தர் பேனாவை இன்னொருத்தர் போடக்கூடாது, ரத்தத்துல வர்ற நோய் ஒட்டிக்கும். பேக்கரிக்காரரே, நாளைக்கே டாக்டரைப் பாத்து ரத்தம் சோதிச்சுக்கங்க."

பேக்கரிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ திரையை இழுத்தார்கள். குளிர்பெட்டி நிறையப் பேனாக்கள். ரப்பர்பேண்டு சுற்றியது, பேரன் ஒட்டிய மீன் படம் போட்டது, பெயர் எழுதியது. ஆளாளுக்குத் தன்னுடையதை அடையாளம் கண்டு கத்தினார்கள். அந்தக் களேபரத்தில் ஐயா பின்படி வழியாக நழுவப் பார்த்தார். கீழே டயர் கடைக்காரர் நின்றிருந்தார். அவருடைய பேனாவும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

மேசை விளிம்பில் சிக்கிய நூலில் தூக்குக்குண்டு தொங்கியது. பிடிக்க ஆளில்லாததால் அசையவேயில்லை.

தையற்காரம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கையின் கையைப் பிடித்தாள். "வாடி, வீட்டுக்குப் போய் ஊசி போடணும்." தங்கை அப்போதுதான் அழுதாள்.

இருவரும் படியிறங்கும்போது ஏழெட்டுப் பேர் பின்னாலேயே ஓடி வந்து மறித்தார்கள்.

"அம்மா, அந்தக் காலுறை எங்க வாங்கினது? எங்க ஊசியையும் அதுல ஒரு தடவை போட்டுப் பாக்கணும்."

குண்டுக்கு மூளை கிடையாது என்பது நிரூபணமாகிவிட்டது. நமக்கு உண்டு என்பது இன்னும் வெறும் நம்பிக்கைதான். அதையும் யாராவது சோதித்துப் பார்த்தால் நல்லது.