வளர்மதி பட்டாம்பூச்சி பிடிக்கத் தடையுள்ள சான்று

ஈப்போ நகரில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் எழுந்தருளியிருக்கும் தாய்மாமன் இளவரசன் அவர்களுக்கு, வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையைப் பார்த்த வீட்டிலிருந்து சின்ன மருமகள் இலக்கியா கும்பிட்டு எழுதுவது. இங்கு அம்மா நலம், அக்கா நலம், ஆடு இரண்டும் நலம். மக்காச்சோளம் மட்டும் நலமில்லை. அங்கு உங்கள் நலம் அறிய எல்லோருக்கும் ஆவல். அப்பாவுக்கும் ஆவல்தான், அதை எழுதக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பதால் எழுதவில்லை.

வாட்ஸ்அப் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பீர்கள். "போன்ல பேசுனா ஒங்கம்மா ஒரு தடவ மூக்கு சிந்துவா, ஒங்க மாமன் ஒடனே 'சரிக்கா'ன்னுடுவான். எழுத்துல வரட்டும்" என்பது அப்பாவின் உத்தரவு. அவரே உங்களிடம் பேசலாமே என்றால், அது நடக்கிற காரியமா? அக்காவின் சடங்குக்கு நீங்கள் ஆண்டிமடத்திலிருந்து சீர்த்தட்டோடும் மேளத்தோடும் வந்து இறங்குவதற்குள் அப்பா முதல் பந்தியை உட்கார வைத்துவிட்டார். நீங்கள் பந்தலுக்குள் நுழைந்தபோது ஊரே பாயசத்தில் இருந்தது. சாப்பிடாமல் திரும்பிப் போனீர்கள். அன்றிலிருந்து ஒரு பந்தி இரண்டு குடும்பத்தையும் பந்தாடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் பாயசம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்திரி குறைவு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வளர்மதி அக்கா விலங்கியல் படிக்கிறாள் அல்லவா, அவளுடைய பேராசிரியை ஒரு குழுவோடு மலேசியாவுக்குப் போகிறார். உங்கள் ஈப்போவுக்குப் பக்கத்து மலைகளில் ஆறு வாரம் பட்டாம்பூச்சி சேகரிக்க வேண்டும். அக்காவையும் சேர்த்துக்கொண்டார். பூச்சிதானே, போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். எந்தக் காட்டில் பிடிக்கலாம், எந்தப் பட்டாம்பூச்சியை எத்தனை பிடிக்கலாம், எதன் பக்கம் கையே நீட்டக் கூடாது என்றெல்லாம் எழுதி அந்த நாட்டு வனத்துறை முத்திரை போட வேண்டும். போட்டுவிட்டது. அக்காவின் அரசுக் கல்லூரியும் சம்மதித்துவிட்டது. விசா வந்துவிட்டது. டிக்கெட்டைக் கல்லூரியே எடுத்துவிட்டது. இரண்டு நாட்டு அரசாங்கமும் சரி என்று சொன்ன பிறகு பாக்கியிருப்பது வீரமுத்து அரசாங்கம் ஒன்றுதான். அதாவது அப்பா.

அக்கா அனுமதிக் கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். பிடித்து, இறக்கையை அளந்து, படம் எடுத்து, பெரும்பாலானவற்றைத் திரும்பவும் பறக்க விட்டுவிட வேண்டும் என்ற இடத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "இரு, இரு. புடிச்சிட்டு வுட்டுர்றதா? அதுக்கு எதுக்கும்மா போவணும்? நீ இங்கயே இருந்தா அது பாட்டுக்குப் புடிபடாமயே பறந்துட்டுப் போவுது!" அதோடு விட்டாரா? மக்காச்சோளக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் குருத்தைப் பிரித்துக் காட்டினார். உள்ளே படைப்புழு கொழுத்துக் கிடந்தது. "இதும் றெக்க மொளச்சா பறக்குறதுதான? எவங்கிட்டயும் அனுமதி வாங்க வேணாம். எவ்வளவு வேணும்னாலும் புடி. நீ புடிச்சா எனக்கு மருந்தடிக்கிற வேல மிச்சம்." அக்கா அழவில்லை, மாமா. அந்தப் புழுவையும் ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதி ஒட்டினாள். அன்றைக்குத்தான் இவள் எப்படியும் போகப் போகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவின் பயம் எனக்குத் தெரியாமல் இல்லை. "பொம்பளப் புள்ளய பூச்சி புடிக்கக் கண்காணாத மலைக்கு அனுப்புனேன்னு தெரிஞ்சா, டீக்கடையில என்னையப் புடிச்சி ஊசி குத்தி அட்டையில ஒட்டிடுவானுங்க" என்று அம்மாவிடம் சொன்னார். சொன்னவர் சும்மா இருந்திருக்கலாம். டீக்கடைக்குத் தாமே போய், "வெளிநாட்டுல இருக்குற பூச்சியா நம்ம ஊருல இல்ல? கண்ணுல பட்டா வூட்டுக்குக் கொண்டாங்கப்பா, புள்ள இங்கயே படிக்கட்டும்" என்று கேட்டிருக்கிறார். அதையே நான் பால் சொசைட்டி கரும்பலகையில் எழுதி, இரண்டே வார்த்தைதான் சேர்த்தேன்: 'உயிரோடு வேண்டும்.' மறுநாள் விடிந்ததும் வாசலில் திருவிழா. ஹார்லிக்ஸ் பாட்டில், கேரி பேக், தூக்குவாளி, கொசுவலை என்று ஊரே வந்து நின்றது. தும்பி வந்தது, பொன்வண்டு வந்தது, விளக்குப் பூச்சி வந்தது. பாப்பாயி அத்தை முந்தானையில் முடிந்து ஒரு வௌவால் கொண்டு வந்தது. "றெக்க இருக்குல்ல? பின்ன என்னடி?" என்று என்னிடமே சண்டை.

அக்கா எல்லாவற்றையும் திறந்து விட்டாள். வீட்டுக்குள் வைத்துத் திறந்ததுதான் தப்பு. வௌவால் ஃபேன் வரை போனது, அப்பா கட்டிலுக்கு அடியில் போனார். அந்தக் கலவரத்தில் ஒரே ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி, நம் கறிவேப்பிலை மரத்தில் சுற்றுமே, அதுதான், நேராகப் பறந்து போய்த் தாத்தாவின் போட்டோ மேல் உட்கார்ந்தது. உங்கள் அப்பா போட்டோ, மாமா. அம்மா கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கும்பிட்டாள். "எங்கப்பா வந்துட்டாரு! பேத்திய அனுப்புன்னு சொல்ல வந்துட்டாரு!" அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்தே கேட்டார்: "அனுப்புன்னு சொல்ல வந்தாரா, அனுப்பாதன்னு சொல்ல வந்தாரா? நீ எப்படிக் கண்ட?" தாத்தா பதில் சொல்லாமல் பறந்துவிட்டார். உயிரோடு இருந்தபோதும் மாப்பிள்ளையிடம் அப்படித்தானாம்.

ஆகவே செல்லியம்மனிடம் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. வெள்ளை அரளி வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டு காகிதப் பொட்டலமும் கட்டியது அடியேன். எடுத்தது இளையபெருமாள் பெரியப்பாவின் பேத்தி. பிரித்தால் வெள்ளை. "பாப்பா எடது கையால எடுத்துச்சி, செல்லாது" என்றார் அப்பா. மறுபடியும் கட்டினேன். வெள்ளை. "பாப்பா இன்னம் மொகங்கழுவல." பாப்பாவுக்கு முகம் கழுவி மறுபடியும். வெள்ளை. பெரியப்பாவுக்கே பொறுக்கவில்லை. "ஏன்டா வீரமுத்து, சாமிகிட்டயே மறு எண்ணிக்கை கேக்குறியே, டெபாசிட் கட்டுனியாடா?" அப்பா, எடுபடாமல் கிடந்த மற்றப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். திரும்பி வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "சாமி சொல்லிட்டா போதுமா? தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கான்ல? அவன் சொல்லட்டும்" என்றார். அத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து உங்கள் உறவுமுறை வந்தது அன்றைக்குத்தான். அம்மா மூக்கு சிந்தினாள்.

எனவே, மாமா, மேற்படி வளர்மதி மலேசியாவுக்கு வந்து பட்டாம்பூச்சி பிடிப்பதில் தங்களுக்குச் சம்மதம் இல்லை என்று ஒரு தடையுள்ள சான்று கைப்பட எழுதிக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். "நான் கேட்டேன்னு எழுதாத" என்று அப்பா சொல்வதால், இதை அப்பா கேட்கவில்லை. அத்தைக்கும் குட்டிப்பயலுக்கும் என் அன்பு. செல்லியம்மன் உங்கள் கல்லையும் அடுப்பையும் காப்பாற்றட்டும். உங்கள் பரோட்டா பட்டாம்பூச்சியைவிட மெல்லிசாக வரட்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிவதாகப் பெயர் எடுத்த மருமகள்,
இலக்கியா

பின்குறிப்பு: அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் விட மோட்டார் போடப் போய்விட்டார். இனி நிம்மதியாக எழுதலாம். இந்தக் கடிதத்தை எப்படி அனுப்புவது என்று பெரிய பேச்சு நடந்தது. தபாலில் போட்டால் அக்காவின் பிளேன் போய்விடும். அக்காதான் மெதுவாக, "நானே கொண்டு போயி மாமா கையில நேரா குடுத்துர்றேன்பா" என்றாள். அப்பா வெங்காயம் சேமித்த பட்டறையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்து, "அதும் சரிதான். நேருல குடுத்தாத்தான் பதிலு சுருக்கா வரும். ஆனா மாமன் வேணாம்னு சொல்லிட்டா அடுத்த பிளேன்ல ஏறி வந்துரணும்" என்றார். ஆக, மலேசியாவுக்குப் போகலாமா கூடாதா என்று கேட்டுவர அக்கா மலேசியாவுக்கு வந்திருக்கிறாள். வலைக்கம்போடு உங்கள் எதிரில் நிற்பது அவள்தான். உட்காரச் சொல்லுங்கள்.

பூ விஷயத்தில் சாமி மேல் தப்பில்லை. மூன்று தடவையும் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் கட்டினேன். வேப்பமரத்தடியில் அப்பா பிரித்துப் பார்த்தது அதைத்தான். ஒரு சத்தம் போட்டிருந்தால் அக்காவின் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். போடவில்லை. வாடிப்போன அந்த அரளியை நேற்று அவர் சட்டைப்பையில் பார்த்தேன்.

உங்களுக்காக அவரே ஒரு கூடைச் சின்ன வெங்காயம் பொறுக்கி வைத்தார். அதைக் கொண்டுவர உங்கள் நாட்டில் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்று அக்கா சொன்னதும் அப்படி ஒரு கோபம். "புள்ளைக்குக் குடுத்தானுங்க, வெங்காயத்துக்குக் குடுக்க மாட்டானுங்களா!" அந்தக் கூடை அம்மா கையில் சாம்பாராகிவிட்டது. அதனால் அக்கா வெறும் கையோடு வருகிறாள். வாய்வார்த்தையாக அப்பா ஒன்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்: "போன ஒடனே நீ சாப்புட ஒக்காந்துராத. மாமன் சாப்புட்டானான்னு மொதல்ல கேளு. இல்லன்னா அவன ஒக்கார வச்சிட்டு அப்பறம் நீ ஒக்காரு."

சான்றுக்கு அவசரமில்லை, மாமா. பெரிய விஷயம். ஒரு ஆறு வாரம் நன்றாக யோசித்துவிட்டு, வேண்டாம் என்று எழுதி அக்காவிடமே கொடுத்தனுப்புங்கள்.