ஒரே கப்பலில் இரண்டு பாட்டன்

"ஊரு பேரை இன்னொருக்கா சொல்லும்மா."

"மேலக்காட்டூரு. சாமி ஆலடிக் கருப்பு. போதுமா புள்ள? வடை கருகுது!"

துஷ்யந்திக்குப் பயம் தீரவில்லை. இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து பிரதீபன் வீட்டார் பெண் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். கூடவே கருப்பாயி ஆத்தா. ஆத்தா தலையாட்டாமல் அவர்கள் தோட்டத்தில் தாலி ஏறியதில்லை. இந்தியாவில் எந்த ஊர், எந்தக் குலசாமி என்று சொல்லத் தெரியாத வீட்டுக்கு ஆத்தா தலையாட்டியதும் இல்லை.

அம்மா பாக்கியத்துக்கோ தெஹியோவிட்ட ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் பூர்வீகம் எதுவும் தெரியாது. நாலு ஊர் சுற்றுகிற ஒருவரிடம் போனில் கேட்டு, நேற்றுத்தான் மனப்பாடம் செய்திருந்தாள்.

ஜவ்பர் நானாவின் பழைய இந்திய வேன், முன்னும் பின்னும் ஸ்டிக்கரோடு, முக்கி முனகி வந்து நின்றது. ஆத்தா தேத்தண்ணியைத் தொடவில்லை.

"எங்க ஊரு தாமரைக்கோட்டை. சாமி வீரமாகாளி. ஒங்களுக்கு?"

"மேலக்காட்டூருங்க ஆத்தா. ஆலடிக் கருப்பு."

பிரதீபனின் அப்பா சன்னாசிக்கு வடை தொண்டையில் நின்றது. நம்பவில்லையோ என்று பாக்கியம் பயந்துபோனாள். இன்னும் கொஞ்சம் சேர்த்தாள்.

"எங்க பாட்டன் மன்னார்ல கப்பலை விட்டு எறங்கி, காடு வழியா நடந்தாருங்க. யானை மறிச்சிச்சு. 'ஆலடிக் கருப்பா!'ன்னு ஒரு சத்தம். மண்டி போட்டிருச்சு."

"பாட்டனா?"

"யானைங்க ஆத்தா!"

ஆத்தா சன்னாசி பக்கம் திரும்பினாள். "ஏன்டா, வேன்ல வரும்போது நீயும் மேலக்காட்டூரு, ஆலடிக் கருப்புன்னுதானே சொன்ன?"

"ஆமா... வந்து..."

"அப்ப பங்காளி வீடு! ஒரே குலசாமின்னா பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி. எந்திரிங்க, போவோம்."

பிரதீபனுக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறியது. துஷ்யந்தியின் கண்கள் நிறைந்தன. மூன்று வருசக் காதல்!

"இருங்க ஆத்தா!" பாக்கியம் வாசலை மறித்தாள். "பாட்டன் அந்த ஊருல பொறக்கல. அநாதைப் புள்ளை. மேலக்காட்டூர்க் கங்காணி ஒருத்தரு கப்பல்ல கண்டெடுத்து வளத்தாரு."

சன்னாசியும் பாய்ந்தார். "எங்க பாட்டனும் அப்படித்தான் ஆத்தா! கப்பல்ல கண்டெடுத்த புள்ளை!"

"எடுத்தது யாரு?"

"மேலக்காட்டூர்க் கங்காணிதான்," என்றார் சன்னாசி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"நல்லாயிருக்கு! ஒரே கப்பல், ஒரே கங்காணி, ஒரே சட்டிச் சோறு. பங்காளிகூட இல்ல, கூடப் பொறந்ததுக்குச் சமானம்!"

"அண்ணே, நீங்க கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்," என்று பாக்கியம் பல்லைக் கடித்தாள்.

"யானையைக் கூட்டிக்கிட்டு வந்தது நீங்கதானே தங்கச்சி?"

எஞ்சினுக்குத் தண்ணி கேட்டு ஜவ்பர் நானா வாளியோடு வாசலில் நின்றார்.

"வேனை எடு ஜவ்பரு," என்றாள் ஆத்தா. "ரெண்டு வீட்டுக்கும் ஒரே ஊரு, ஒரே சாமியாம். சம்பந்தம் சரிவராது."

ஜவ்பர் நானா எல்லோரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்தியா ஊரு எனக்கு என்னா தெரியும் ஆத்தா? போன வருசம் நீங்க ஒங்க ஊரு, சாமி கேட்டப்போ வேன்ல முன்கண்ணாடி ஸ்டிக்கரை வாசிச்சிச் சொன்னேன். இவங்க ரெண்டு பேரும் கேட்டப்போ மிச்சம் இருந்தது பின்கண்ணாடி ஸ்டிக்கர் ஒண்ணுதானே!"