கஷ்டம் அண்ணாத்தே அனுப்பிய காரணங்கள்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கம்ப்யூட்டரைத் தொட்ட அத்தனை பேரிலும் கஷ்டம் அண்ணாத்தேயைப் போல ஒரு சண்டைக்காரரை நீங்கள் பார்த்திருக்க முடியாது. மண்ணூர்பேட்டையில் இருந்த எங்கள் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவருக்கு ஏசியோடு சண்டை, லிஃப்டோடு சண்டை, மேனேஜர் வெட்டுகிற பிறந்தநாள் கேக்கோடுகூடச் சண்டை. 'கஸ்டம் டேட்டா' என்பது அவர் வாயில் 'கஷ்டம் டேட்டா' என்றுதான் வரும். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

ஒரு தொழிற்சாலைக்கு லீவு ஆப் செய்து கொடுத்திருந்தோம். தொழிலாளி போனில் லீவு கேட்டால், ஆப் அதை, மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏபிஐ வழியாக ஒர்க்ஃப்ளோ எஞ்சினுக்கு அனுப்பும். எதை யாரிடம் அனுப்புவது, எதை உடனே நிராகரிப்பது என்று விதிப்படி முடிவு செய்கிற மென்பொருள் அது. பெயர், தேதி, லீவு வகை போதும் அதற்கு. கூடுதலாக நாமே எதையாவது சேர்த்து அனுப்பினால், அதுதான் கஸ்டம் டேட்டா.

டெஸ்டிங்கில் நாங்களெல்லாம் காரணம் என்ற இடத்தில் 'அஅஅ' என்று அடிப்போம். அண்ணாத்தேயோ, 'மச்சினனுக்கு நிச்சயம், நான் போலன்னா கொலை உழும்' என்று அடிப்பார். ஒருமுறை அது தவறிப்போய் தொழிற்சாலை அதிகாரிக்கே மெயிலில் போய்விட்டது. பதறிப்போய் போன் செய்தார் அந்த அதிகாரி.

"டெஸ்ட்டு சார் அது. ஆனா காரணம்னா அப்டித்தான் இருக்கணும்" என்றார் அண்ணாத்தே.

அந்த ஆப் உண்மையில் ஓட ஆரம்பித்தபோது காரணம் எழுதவே இடமில்லை. கிளையன்ட் கேட்கவில்லை என்று அதை எடுத்திருந்தோம்.

ஒருநாள் உதவி எண்ணுக்கு ஒரு பெண் கூப்பிட்டார். அந்தத் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. போனை எடுத்தவர் அண்ணாத்தே.

"சார், என் லீவ வேணான்னு சொன்னது யாரு? ஊட்டுக்காரருக்கு நாளைக்கு ஆபரேஷன் கீது. நானே அவராண்ட பேசிக்கிறேன்."

"யாரும் இல்லம்மா. இந்த மாசம் லீவு ஜாஸ்தி ஆயிடுச்சுன்னு மிஷினே தள்ளிடுச்சு."

"யாரும் பாக்காமயேவா?"

வேலை போய்விடுமே என்று அந்தப் பெண் மறுநாள் ஷிப்டுக்குப் போனார். கணவர் பிழைத்தார், கண் விழித்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. இதை அந்தப் பெண்ணே அப்புறம் போனில் சொன்னார். அன்றைக்கு அண்ணாத்தே யாரோடும் சண்டை போடவில்லை. எங்களுக்குப் பயமாக இருந்தது.

யாரையும் கேட்காமல் ஆப்பில் 'காரணம்' என்று ஒரு பெட்டி வைத்தார். அதில் எழுதுவது கஸ்டம் டேட்டாவாக எஞ்சினுக்குப் போகும்.

"அனுப்பிட்டா மட்டும் ஆச்சா நைனா? எஞ்சின் அத மூட்டையா வெச்சிக்கினு குந்திக்கினு இருக்கும். பாக்கச் சொல்லணும்" என்றார் என்னிடம். எஞ்சினிலும் ஒரு படி சேர்த்தார்: காரணம் இருந்தால் தள்ளாதே, சூப்பர்வைசரிடம் அனுப்பு.

சில வாரங்கள் ஓடின. தொழிற்சாலையிலிருந்து புகார் வந்தது. சூப்பர்வைசர்கள் காலையெல்லாம் காரணம் படிக்கிறார்களாம்.

மேனேஜர் வந்தார். "அண்ணே, அந்தப் படியை மட்டும் தூக்கிடுங்க. பெட்டி இருக்கட்டும். எழுதினா அவங்களுக்கும் ஒரு திருப்தி."

"படிக்க ஆள் இல்லாத எடத்துல எழுதச் சொல்றியா?"

"கிளையன்ட் கேக்கறாங்க."

அண்ணாத்தே மறுத்தார். வேறு ஒருவர் டீ ஆறுவதற்குள் அந்தப் படியை எடுத்துவிட்டார். பெட்டி இன்றும் இருக்கிறது. ஜனங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்.

எங்கள் கம்பெனியில் ராஜினாமாவும் அதே எஞ்சின் வழியாகத்தான். அண்ணாத்தே தன்னுடையதை ஏபிஐ மூலம் நேராக அனுப்பினார், கூடவே பக்கம் பக்கமாகக் காரணம். விரலை எடுப்பதற்குள் 'ஏற்கப்பட்டது' என்று வந்தது.

"இன்னா வேகம் பாத்தியா" என்றார். சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கரையான்சாவடி பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

இப்போது ஆபீசில் சத்தமே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது அவர் நாற்காலியை இழுத்தால், "அங்க ஆள் இருக்கு" என்று சொல்லிவிடுகிறேன்.