ஒரே தட்டில் போன பொட்டுகள்

காஸ் அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்கச் சந்தி வரை போய்த் திரும்பி வருகிற ஆள் நான். காய்ச்சல் இல்லை என்று உறுதிப்படுத்துவதற்காகத் தூங்குகிற பிள்ளையை எழுப்பியும் பார்த்திருக்கிறேன். இவ்வளவு கவனமான ஒருத்திதான், எங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் உயிரோடு இருக்கும்போதே, பெண்களை விதவைக் கோலத்தில் வாசலில் தொங்கவிட்டாள்.

மாமா மாமியின் நாற்பதாவது கல்யாண நாள் அது. துறைமுகம் பின்னால் தெரிய எடுத்த குடும்பப் படம் ஒன்றைப் பெரிய பனராக அடித்து, பாலையூற்று வீட்டு வாசலில் கட்டுவதென்று முடிவானது.

"ஸ்டூடியோவில குடுப்பம்" என்றார் கணவர்.

"ஏன், நானே செய்வன். எல்லாம் இணையத்தில சும்மா கிடக்கு."

நான் பட்டதாரி என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் மறந்துபோயிருந்தது. நினைவூட்ட ஒரு சந்தர்ப்பம் வேண்டியிருந்தது. (உண்மைக் காரணம் வேறு.) படமெடுத்த அன்று என் ஒன்றரை வயதுக் கவினின் கன்னம் முழுக்க நுளம்பு கடித்த தடிப்பு. பனரில் அவை ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவில் தெரியும். பார்க்கிற சனம் நுளம்பையா குறை சொல்லும்? தாயைத்தான் சொல்லும்.

இலவசத் தளங்களில் ஏறி இறங்கினேன். கடலை நீலமாக்கு என்றால் ஒன்று, கணவரின் தங்கையான மச்சாளையும் சேர்த்து நீலமாக்கியது. இன்னொன்று மாமாவின் வயிற்றுக்குக் குறுக்கே தன் பெயரை எழுதிவிட்டு, அழிப்பதற்கு வங்கி அட்டை கேட்டது. எனக்கு ஆறாவது விரல் தந்த தளமும் உண்டு. (பிள்ளை வளர்க்கிறவளுக்கு உதவும்தான். ஆனாலும் விட்டுவிட்டேன்.) கடைசியில் அகப்பட்டதில் ஒரு பொத்தான் இருந்தது: 'முகத்திலுள்ள புள்ளிகளை ஒரே தட்டில் அகற்றுங்கள்.'

தட்டினேன். கவினின் கன்னம் கழுவிய கோப்பை மாதிரி வந்தது. பெருப்பித்துப் பார்த்தேன். இடக் கன்னம், வலக் கன்னம், காதோரம்.

"எல்லாம் சரியோ? அச்சகத்துக்கு அனுப்பட்டோ?" கணவர் கேட்டார்.

"ஓம். மூண்டு தரம் பாத்தனான்."

கல்யாண நாளன்று காலையிலேயே சனம் சேர்ந்துவிட்டது. மாமியின் அக்கா கட்டைபறிச்சானிலிருந்து வந்திருந்தார். கணவரை இழந்து பல வருடங்களான அவரைப் பெரியமாமி என்பேன். மாமா வடையைக் கடித்தபடி மேற்பார்வை செய்ய, என் கணவர் பனரை விரித்துக் கட்டினார். கைதட்டத் தொடங்கியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

மாமி அண்ணாந்து பார்த்தார். பிறகு மெல்லத் தன் நெற்றியைத் தடவினார்.

"பிள்ளை, என்ர பொட்டு எங்கை?"

அப்போதுதான் கவினைத் தவிர மற்ற முகங்களை முதன்முறையாகப் பார்த்தேன். மாமிக்குப் பொட்டில்லை. மச்சாளுக்கில்லை. எனக்குமில்லை. மாமாவின் திருநீறு மட்டும் மூன்று கோடும் குலையாமல் இருந்தது. வட்டமென்றால் கறை, கோடென்றால் பக்தி. அந்தப் பொத்தானின் சைவ அறிவு அவ்வளவுதான்.

"நான் இன்னும் போகேல்லையே" என்றார் மாமா, வாயில் வடையோடு.

"உங்கட மருமகள் அனுப்பிப்போட்டா" என்றாள் மச்சாள்.

பெரியமாமி கதிரையில் சாய்ந்துகொண்டார். "இப்பதான் எல்லாரும் என்ர கட்சிக்கு வந்திருக்கிறியள். இருங்கோ, பழகிடும்."

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவரே சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை. நல்ல நாளில் அவர் கண் கலங்குவதைக் கண்டு, ஒரே தட்டில் என்னையும் யாராவது அகற்றினால் நல்லதென்று நின்றேன்.

மச்சாள் ஒட்டுப்பொட்டு ஒன்றைக் கொண்டுவந்து பனரில் மாமியின் நெற்றியில் ஒட்டினாள். சுளகளவு முகத்தில் அது கடுகு போலக் கிடந்தது. மாமா கையைக் கழுவி, சாமியறையிலிருந்து குங்குமச் சிமிழோடு வந்தார். குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்துக்கொண்டு கதிரையில் ஏறினார்.

"கோணலோ?"

"கொஞ்சம் இடப் பக்கம்" என்றார் மாமி கீழிருந்து. "ம். நாப்பது வருசத்தில இண்டைக்குத்தான் என்னைக் கேட்டு ஒரு வேலை செய்யிறியள்."

என் நெற்றிக்காகக் கணவர் ஏறினார். "மூண்டு தரம் எதைப் பாத்தனீர்?"

நான் கவினின் கன்னத்தைக் காட்டினேன். மாமியும் பார்த்தார். "ஐயோ, நுளம்பு கடிச்சதைக் காணேல்ல. நான்தான் அண்டைக்கு வலையைப் போட மறந்தனான் எண்டு எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறன்."

அந்தப் பனர் இப்போது எங்கள் கோழிக்கூட்டுக்குக் கூரை. குங்குமம் தண்ணீருக்கு நிற்பதில்லை. ஒவ்வொரு மழை விட்ட பிறகும் மாமா சிமிழோடு போய்த் திரும்ப வைத்துவிட்டு வருகிறார். வானம் இருட்டினால் போதும், குசினியிலிருந்து மாமியின் குரல் கேட்கும்.

"பிள்ளை, என்ர பொட்டு கரையப்போகுது. மாமா பிரஷர் குளிசை போட்டிட்டாரோ எண்டு ஒருக்காப் பார்."

போய்ப் பார்க்கிறேன். மூன்று தரம்.