ஐசி அண்ணன் சாஃப்ட்வேருக்கு மாறிய கதை

செஞ்சிக் கோட்டை மலைகூட ஒரு நாள் இடம் மாறி உட்காரலாம். பஸ் ஸ்டாண்டு அருகே செல்போன் பழுது பார்க்கும் ஐசி அண்ணன் பத்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டார். எந்தப் போனை நீட்டினாலும், கையில் வாங்குவதற்கு முன்பே "ஐசி போச்சு" என்பார். ஐசி என்றால் உள்ளே இருக்கும் சிப். அதனால் அந்தப் பெயர்.

ஒரு நாள் காலை டீக்கடையில் செய்தி பார்த்துவிட்டு ஓடி வந்தார். வெளிநாட்டில் சிப் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று ஹார்டுவேரைக் குறைத்துக்கொண்டு சாஃப்ட்வேருக்குப் போகிறதாம்.

"சிப்பு செய்றவனே சாஃப்ட்வேருக்குப் போயிட்டான். நான் இன்னாத்துக்கு ஈயத்த உருக்கிக்கினு கெடக்கணும்?"

அன்றைக்கே சால்டரிங் அயனைப் பக்கத்துக் கடை பாயிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். இரண்டு கடைக்கும் பொதுவான தூணில் ஓர் அட்டை தொங்கியது: 'இனி ஹார்டுவேர் கிடையாது. சாஃப்ட்வேர் மட்டும்.'

பாய் வைத்திருந்ததோ ஆணி, பெயின்ட் விற்கும் ஹார்டுவேர் கடை. அவலூர்பேட்டையிலிருந்து தாழ்ப்பாள் வாங்க வந்தவர்கள் அட்டையைப் படித்துவிட்டு அப்படியே திரும்ப பஸ் ஏறினார்கள்.

"யோவ் ஐசி! நான் கடைய மூடிட்டேன்னு துக்கம் விசாரிக்க வர்றாங்கய்யா!"

"நீயும் மாறிடு பாய். ஆணியில எதிர்காலம் இல்ல."

சார்ஜ் ஏறாத போனுக்குச் சாஃப்ட்வேர் போட்டார். கிணற்றில் விழுந்த போனுக்கும் சாஃப்ட்வேர்தான். உடைந்த கண்ணாடியைக் காட்டினால்கூட, "ஒரு சாஃப்ட்வேர் போட்டுப் பாப்பமா?" என்று யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து என் போன் செத்தது.

"சாஃப்ட்வேர் போட்டுரலாம் தம்பி. உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிடும், பரவால்லயா?"

பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சு போயிருந்தது. அதற்கு முன் அவள் பேசி அனுப்பியதெல்லாம் அந்தப் போனில் மட்டும்தான் இருந்தது. சொன்னேன்.

அண்ணன் எழுந்து பாய் கடைக்கு ஓடினார்.

"பாய், அந்த அயன குடு! சீக்கிரம்!"

"இன்னாய்யா, கம்பெனியே மாறிடுச்சுன்ன?"

"கம்பெனிக்காரனுக்கு இவங்கம்மாவத் தெரியுமா? குடுய்யா!"

மதியச் சாப்பாட்டையும் மறந்து குனிந்தே கிடந்தார். கடைசியில் போனில் வெளிச்சம் வந்தது. அம்மா கடைசியாகப் பேசி அனுப்பியதை அழுத்தினேன். "டேய், சாப்டியா? போன எடுத்தா கொறஞ்சா பூடுவ?" என்றாள் அம்மா.

என்னை முந்திக்கொண்டு அண்ணன் பதில் சொன்னார்: "இன்னும் இல்லம்மா. இதோ, உம் புள்ளயச் சாப்புடக் கூட்டிக்கினு போறேன்."

இப்போதெல்லாம் தினமும் என்னிடம் "சாப்டியா?" என்று கேட்கிற ஆள் அவர்தான். சாப்பிட்டிருந்தாலும் இல்லை என்றே சொல்கிறேன். அவரோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு அவ்வளவு ஆசை.