எலிக்குச் சரிவந்த மருந்து

"மருமகன், இதைக் குடிச்சா நான் ஈரல் வருத்தத்தால சாகமாட்டன். கசப்பாலதான் சாவன்," என்று கோப்பையைத் தள்ளினார் அருமைநாயகம்.

திவாகரனுக்கு எரிச்சல் வந்தது. கிரானில் வேளாண்மை செய்த மனிசனுக்கு விஞ்ஞானம் எங்கே விளங்கப்போகிறது? சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனமொன்றில் சேர்ந்து, கோழி வளர்ப்பு முதல் மனத்துயர் ஆற்றுவது வரை சனத்துக்கு வகுப்பெடுத்தவர் திவாகரன். நிறுவனத்தின் வைத்திய முகாம் முடிந்த கிழமை, மாமாவின் ஈரலில் கட்டி என்று மனைவி தனுஷியா அழுததும், புளியந்தீவு நெட் கபேயில் ஒரு மத்தியானம் குந்தியிருந்து புற்றுநோயையும் படித்து முடித்துவிட்டார்.

"கீழ்க்காய்நெல்லியில ஒரு சத்து இருக்கு மாமா. எலியிட ஈரல்ல இருந்த கட்டியச் சுருக்கியிருக்கு. ஆராய்ச்சிக் கட்டுரை!"

"மறுகா? கட்டி சுருங்கின பிறகு அந்த எலி என்ன செய்தது?"

"என்ன செய்யிற? வெட்டித்தானே ஈரலைப் பாத்திருப்பானுகள்!"

சொன்ன பிறகுதான் திவாகரனுக்கே அது இடித்தது.

"அப்ப நீங்க முதல்ல குடிச்சுக் காட்டுங்க," என்றார் மாமா.

திவாகரன் குடித்துக் காட்டினார். மாமா ஒரு மிடறு குடித்துத் துப்பினார். திவாகரன் கழிவறைக்கு ஓடினார். அளவு காணாது என்று முடிவுகட்டி, வாவிக்கரையில் இன்னொரு சாக்குச் செடி பிடுங்கி வந்து, சாறு இன்னும் இறுக வற்றக் காய்ச்சினார். அதையும் அவரேதான் குடித்துக் காட்டவேண்டியிருந்தது. வீடு முழுக்க நாற்றம்.

"ஆஸ்பத்திரிக்கு ஒருக்காப் போவமே," என்றாள் தனுஷியா.

"விசர்க் கதை கதையாத. நான் சாகக் கிடந்தாலும் அந்தப் படி மிதிக்கமாட்டன்!"

"உங்களுக்கில்ல, அப்பாவுக்கு. குடிக்க முதல் ஒரு ஸ்கேன், குடிச்ச பிறகு ஒரு ஸ்கேன். வெள்ளைக்காரனுக்குக் காட்ட ஆதாரம் வேணாமா?"

ஆதாரம் என்ற சொல்லில் திவாகரன் விழுந்தார். மட்டக்களப்பின் மூலிகையை உலகத்துக்குக் காட்டிய திவாகரன்! போனார்கள்.

ஸ்கேன் அறை வாசலில் மாமா நடுங்கினார். "அந்த மிசினுக்குள்ள நான் போகமாட்டன். நீங்க முதல்ல படுத்துக் காட்டுங்க."

"ஷெல்லடிக்கே பங்கருக்குள்ள போகாம வயல் பாத்த ஆள், இதுக்குப் பயப்படுறீங்களா?" என்று ஏளனமாகச் சிரித்துவிட்டுத் திவாகரன் படுத்தார். ஊசிக்கும் முதலில் கையை நீட்டினார். படிக்காத சனத்துக்கு எல்லாவற்றையும் செய்து காட்டத்தான் வேண்டியிருக்கிறது.

இரண்டு கிழமையில் கண்டி ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லித் தனுஷியாவின் போனுக்குத் தகவல் வந்தது. அங்கே கத்தி வைப்பதற்குள் மாமாவுக்குப் பருக்கிவிட வேண்டுமென்று போத்தல் நிறையச் சாற்றோடு பஸ் ஏறினார் திவாகரன். வன்னியில் சண்டை முடிகிற நேரம். காவலரணில் எல்லாரையும் இறக்கினார்கள். பச்சைத் தண்ணீரைக் கண்ட ஆமிக்காரனின் முகம் மாறியது.

"மேக்க மொக்கத? இது என்ன? குண்டு மருந்தா?"

"ஐயோ, ஈரல் மருந்து!"

"அப்ப குடி."

முழுப் போத்தலையும் ஒரே மூச்சில் குடித்தார். கண்டிவரை பஸ் நின்ற இடமெல்லாம் திவாகரனுக்காகத்தான் நின்றது. மாமா யன்னலோரம் சோளம் தின்றுகொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரி வார்ட்டில் காத்தான்குடித் தாதி றஸீனா பச்சை உடுப்பொன்றைக் கொண்டுவந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற திவாகரன் அவளுக்கும் வகுப்பெடுக்கத் தொடங்கினார்.

"தங்கச்சி, மாமாவுக்கு ஒப்பரேசன் தேவையில்ல. எலி ஆராய்ச்சி ஒண்டு..."

அவள் உடுப்பை அவர் கையில் வைத்தாள்.

"உங்கட மாமாவிட ஈரலுக்கு ஒரு குறையும் இல்ல ஐயா, உங்கட ஒபிஸ் வைத்திய முகாமில உங்களப் பாத்த டொக்டர் கட்டி உங்களுக்குத்தான் எண்டு உங்கட மனிசியிட்டச் சொன்னதால, உங்கள இந்தப் படி மிதிக்க வைக்கத்தான் அந்த மனிசன் இவ்வளவு நாளும் வருத்தக்காரனா நடிச்சவர், போய் மாத்துங்க."